பாணும் மிளகும்: இத்தாலிய உணவு வரலாற்றில் இரு பந்திகள்

பாண், போறணை, குசினி, மேசை ஆகிய நான்கு சொற்களையும் ஈழத்துத் தமிழர் நாள்தோறும் வழங்குகின்றனர். இவை போர்த்துக்கேயர் நம் கரையில் விட்டுச்சென்றவை என்பதை நம்மிற் பலர் அறிவர். போர்த்துக்கேயருக்கு இவை எங்கிருந்து கிடைத்தன என்று கேட்போர் மிகச் சிலரே. பானிஸ், பூர்னுஸ், கொக்வீனா, மென்சா என்பன இலத்தீனில் முறையே பாணையும் போறணையையும் சமையற்கட்டையும் மேசையையும் சுட்டிய சொற்கள். உரோமரின் படையும் வணிகமும் ஐபீரியத் தீபகற்பத்தில் வேரூன்றச் செய்த அச்சொற்கள், பேரரசு அழிந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பேரரசின் கப்பலேறி நம்மிடம் வந்து சேர்ந்தன. ஆதலின் இத்தாலியரின் உணவு வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று.

அவ்வரலாற்றை எழுதியோரிற் பெரும்பாலோர் விருந்துகளையே எழுதினர். மயிற்கறியும் பறவைகளின் நாக்கும், தேனில் தோய்த்த சுண்டெலியும், தங்கம் பூசிய பலகாரமும் பக்கம் பக்கமாக வருணிக்கப்பட்டன. இதில் வியப்பில்லை. எழுதுகோல் பிடித்தவர் உண்டு களித்தவர். அல்லது உண்டு களித்தவரை அண்டி வாழ்ந்தவர். கோதுமையை விதைத்தவனும் அரைத்தவனும் அடுப்பெரித்தவளும் தம் உணவைப் பற்றி ஏடெழுதி வைக்கவில்லை. ஆயினும் அவர்களைப் பற்றிய செய்திகள் அடியோடு மறைந்துவிடவுமில்லை. எசமானரின் கணக்கேட்டிலும், நகரசபையின் விலைப்பட்டியலிலும், எரிமலைச் சாம்பலிலும், சாக்கடையிலுங்கூட அவை அகப்படுகின்றன. விருந்துப் பந்தியையும் மற்றப் பந்தியையும் சேர்த்து நோக்கினாலன்றி இத்தாலிய உணவின் கதை முழுமை பெறாது என்பதே நமது கருத்து.

உரோமர் தொடக்கத்தில் பாண் தின்னும் மக்களாக இருக்கவில்லை. உமியுடன் கூடிய பழைய கோதுமையினம் ஒன்றை இடித்துக் களியாக்கி உண்டனர். நெடுங்காலம் தம் முன்னோர் களியையே உண்டு வாழ்ந்தனர் என்றும், மக்கெதோனிய மன்னன் பேர்சேயுஸ் மீது போர் தொடுத்த காலம் வரை (கி.மு. 171-168) உரோம் நகரில் பாண் சுடுவதைத் தொழிலாகக் கொண்டோர் இருந்ததில்லை என்றும் முதலாம் நூற்றாண்டினரான பிளினி எழுதுகிறார். அதற்கு முன் வீட்டுப் பெண்களே மாவரைத்துச் சுட்டனர். இந்த மாற்றத்தின் காலம் மனங்கொள்ளத்தக்கது. அந்நூற்றாண்டிலேதான் உரோமர் மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியை வென்றனர். போரிற் பிடிபட்ட அடிமைகள் இலட்சக்கணக்கில் இத்தாலியில் வந்து குவிந்தனர். போருக்குச் சென்ற சிறு கமக்காரனின் நிலம் செல்வரின் பெருந்தோட்டங்களோடு சேர்ந்தது. நிலமிழந்தவன் நகருக்கு வந்தான். முற்றமும் உரலும் அற்ற நகரத்து வாடகை அறையில் களி கிண்டுவது எங்ஙனம்? கடையிற் பாண் வாங்குவது அவனுக்கு நாகரிகமன்று, தேவை.

அப்பெருந்தோட்டங்களில் உழைத்த அடிமை எதை உண்டான்? இதனைச் சொல்லுபவர் மூத்த கேற்றோ. ஏறக்குறைய கி.மு. 160இல் அவர் எழுதிய வேளாண்மை நூலே இலத்தீன் உரைநடையில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல். வயலில் வேலை செய்யும் அடிமைக்கு மாரியில் மாதம் 4 மோடியஸ் கோதுமை, கோடையில் நாலரை. ஒரு மோடியஸ் ஏறத்தாழ 8.7 லீற்றர். மேற்பார்வையாளனுக்கும் மேய்ப்பனுக்கும் உடலுழைப்புக் குறைவு என்பதால் 3 மோடியஸ். விலங்கிடப்பட்ட அடிமைக்குத் தானியமாகக் கொடுத்தால் அரைக்கவும் சமைக்கவும் விலங்கைக் கழற்ற வேண்டும். ஆதலின் அவனுக்குப் பாண். மாரியில் நாளொன்றுக்கு 4 உரோம இறாத்தல். திராட்சைத் தோட்டத்தைக் கொத்தத் தொடங்கியதும் 5. அத்திப்பழம் பழுக்கத் தொடங்கியதும் மீண்டும் 4. ஓர் இறாத்தல் குறைவதன் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. மரத்தடியில் அவன் பொறுக்கித் தின்னும் பழமும் கணக்கில் எழுதப்பட்டது.

தொட்டுக்கொள்ள உதிர்ந்த ஒலிவ் காய். அது தீர்ந்தால் எண்ணெய் அதிகம் சுரக்காத காய். அதுவும் தீர்ந்தால் மீன் ஊறலின் அடிவண்டலும் காடியும். மாதத்துக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூடிய எண்ணெய். ஆண்டுக்கு ஒரு மோடியஸ் உப்பு. நோயுற்றவனுக்கு முழுப் பங்கு கொடுத்திருக்கலாகாது என்று காரியத்தனைக் கடிந்துகொள்ளவும் கேற்றோ எசமானருக்குக் கற்பிக்கிறார். கிழட்டு எருதையும் பழைய வண்டியையும் விற்கச் சொல்லும் அதே வாக்கியத்திலேதான் கிழட்டு அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்கச் சொல்கிறார். இதே நூலில் பாற்கட்டியும் தேனும் சேர்த்துச் செய்யும் பலகாரங்களின் செய்முறைகளும் வருகின்றன. உணவு வரலாற்றாசிரியர் பலர் அப்பலகாரங்களைப் பற்றி ஆர்வத்தோடு எழுதிவிட்டு, பங்குக் கணக்கை வேளாண்மைப் பொருளியலாருக்கு ஒதுக்கிவிடுவது விந்தையான தொழிற்பிரிவினை.

நகரத்து ஏழையின் நிலை வேறு. அவன் குடிமகன், வாக்குரிமை உடையவன், கூட்டமாகக் கூடக்கூடியவன். கி.மு. 123இல் கயஸ் கிராக்கஸ், குடிமக்களுக்குக் குறைந்த நிலையான விலையில் மாதந்தோறும் தானியம் விற்கச் சட்டம் இயற்றினார். இரண்டாண்டுகளுக்குள் அவர் கொல்லப்பட்டார். சட்டம் பின்னர் குறுக்கப்பட்டும் விரிக்கப்பட்டும் வந்தது. கி.மு. 58இல் குளோடியஸ் அதனை இலவசமாக்கினார். யூலியஸ் சீசர் பதவியேற்றபோது தானியம் பெற்றோர் தொகை 3,20,000. அவர் அதனை 1,50,000 ஆகக் குறைத்தார். ஒகஸ்தஸ் காலத்தில் அது ஏறக்குறைய 2,00,000 ஆக நிலைபெற்றது. ஒருவருக்கு மாதம் 5 மோடியஸ். இலவசத் தானியத்தாலும் களியாட்டுகளாலும் உரோம மக்கள் சோம்பேறிகளாகினர் என்று புலவர்கள் பழித்தனர். பிற்காலத்துப் பாடநூல்களும் அப்பழியைச் சலிப்பின்றித் திருப்பிக் கூறுகின்றன. தனி ஒருவனுக்குப் போதுமான, குடும்பத்துக்குப் போதாத அந்தத் தானியத்தால் எவரும் உழைப்பைத் துறந்திருக்க முடியாது. பெண்களும் அடிமைகளும் வெளியூராரும் அதில் இடம்பெறவில்லை.

எனினும் இதன் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும். அத்தானியம் சிசிலியிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும், கி.மு. 30இன் பின் எகிப்திலிருந்தும் வந்தது. அதிற் பெரும்பகுதி வரியாகவும் திறையாகவும் பெறப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டின் பெரும் மருத்துவரான கலேன், உரோமருக்கு உட்பட்ட நாடுகள் பலவற்றில் தாம் கண்ட பஞ்சத்தைப் பதிந்துள்ளார். அறுவடை முடிந்ததும் நகரத்தார் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கோதுமையையும் பார்லியையும் பயறுவகைகளையும் அள்ளிச் சென்றனர். எஞ்சியதை மாரியில் உண்டு தீர்த்த நாட்டுப்புறத்தார், வேனிலில் மரத்தின் குருத்தையும் தளிரையும் உடலுக்கு ஒவ்வாத கிழங்குகளையும் தின்று புண்ணாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். உரோம் நகரத்து ஏழை போராடிப் பெற்ற பாணுக்கு எங்கோ இருந்த இன்னோர் ஏழை விலை கொடுத்தான். பேரரசு என்னும் ஏற்பாட்டின் உள்ளியல்பு இது.

தானியம் மாவாவது எப்படி என்பதைப் பொம்பெயி காட்டுகிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட அந்நகரில் முப்பதுக்கு மேற்பட்ட பாண் போறணைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றில் 81 பாண்கள் கரியாகி அடுப்பிலேயே இருந்தன. வட்டமானவை, எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கு மேலே கீறப்பட்டவை. எரிமலைக் கல்லாலான, உடுக்கை வடிவத்துப் பெரிய ஆலைகளைக் கழுதையோ மனிதனோ சுற்றிச் சுற்றி நடந்து இயக்க வேண்டும். 2023இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீட்டின் போறணைப் பகுதிக்கு வெளிவாயிலே கிடையாது. வீட்டுக்குள் திறக்கும் கதவு மட்டுமே. உயரத்திலிருந்த சிறு சாளரங்களுக்கு இரும்புக் கம்பி. விலங்குகள் ஒன்றோடொன்று மோதாமல் சுற்றுவதற்குக் கல்தரையில் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. அங்கே மூவரின் எலும்புகளும் கிடந்தன. அப்புலேயுஸ் என்பார் இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கதையொன்றில், கழுதையாக மாறிய மனிதன் ஒருவன் மாவாலைக்கு விற்கப்படுகிறான். நெற்றியிற் சூடும், அரைவாசி மழித்த தலையும், காலில் வளையமும், மாப்புழுதி படிந்த உடலுமாக அங்கு உழைப்போரைக் கழுதையின் கண்கள் காண்கின்றன. இதைப் புனைவென்று கருதியோருக்குப் பொம்பெயிச் சுவர்கள் இன்று விடை கூறுகின்றன.

உரோம் நகரத்துப் பெரிய வாயிலொன்றின் அருகே ஏறக்குறைய கி.மு. 30இல் எழுப்பப்பட்ட கல்லறை ஒன்று நிற்கிறது. அது எவ்ரிசாசெஸ் என்னும் பாண் முதலாளியுடையது. பெயரை நோக்கின் விடுதலை பெற்ற அடிமையாக இருந்தவன் போலும். அரைத்தல், அரித்தல், பிசைதல், உருட்டல், சுடுதல், நிறுத்தல் என்று தொழிலின் ஒவ்வொரு படியும் அதன் மேற்புறத்தில் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. தொழிலைப் பெருமையாகக் கல்லிற் பொறித்த அரிய சின்னம் அது. சிற்பத்திற் பிசைந்துகொண்டிருப்போரின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்படவில்லை.

இனி மிளகுக்கு வருவோம். அப்பிசியஸ் என்னும் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூல் நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்றது. அதன் செய்முறைகளிற் பெரும்பான்மையானவை மிளகு கேட்கின்றன, இனிப்புப் பண்டங்களுங்கூட. உப்புக்குப் பதிலாக, மீனையும் அதன் குடலையும் உப்பிலிட்டு வெயிலில் நொதிக்க வைத்து வடித்த சாற்றை ஊற்றச் சொல்கின்றன. மிளகு சேர நாட்டிலிருந்து சென்றது. முசிறித் துறைக்கு யவனர் அதனை நாடி வந்தமையை அகநானூறு அறியும். செங்கடற் கரையிலுள்ள பெரனிகேயில் இந்தியச் சாடியொன்றுள் ஏழரைக் கிலோ மிளகு அகழ்வாராய்ச்சியிற் கிடைத்தது. இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்தேர்ஸ் பணத்தை உறிஞ்சுகின்றன என்று பிளினி அங்கலாய்க்கிறார். அவர் குறிக்கும் விலைப்படி கறுப்பு மிளகு இறாத்தல் 4 தினாரி. பொருள் அரிதெனினும் வேந்தருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நடுத்தர நகரத்தாரும் சிறிதளவு வாங்கினர்.

அப்பிசியஸ் என்ற பெயருக்கு உரிய செல்வனைப் பற்றிச் செனெக்கா கூறும் கதை சிறியது. சமையலுக்காகப் பத்துக் கோடி செஸ்தேர்ஸ் செலவிட்ட அவன், ஒருநாள் கணக்குப் பார்த்தபோது ஒரு கோடியே எஞ்சியிருக்கக் கண்டு, இனிப் பட்டினியால் வாட நேருமென அஞ்சி நஞ்சுண்டு மாண்டான். கேற்றோவின் அத்திப்பழக் கணக்கையும் இதையும் வாசகர் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே இருந்தோரை மறத்தல் தகாது. வெசூவியஸின் அடிவாரத்திலிருந்த ஹேர்க்குலேனியம் நகரில், கடைகளும் வாடகை அறைகளும் கொண்ட கட்டடமொன்றின் கீழுள்ள சாக்கடையை ஆய்ந்தோர் பலவகை மீன்முள், முட்டையோடு, அத்திவிதை, ஒலிவ் விதை என்பவற்றைக் கண்டனர். கைவினைஞரும் சிறு கடைக்காரரும் ஓரளவு நன்றாகவே உண்டனர் என்பது தெளிவு. அதே நகரில் மாண்டோரின் எலும்புகளை ஆய்ந்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆண்கள் கடலுணவை அதிகமாகவும் பெண்கள் அதனைக் குறைவாகவும் உண்டமையைக் காட்டியது. ஒரே வீட்டினுள்ளும் இரு பந்திகள் இருந்தன போலும்.

கி.பி. 408இல் உரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், விலகிச் செல்வதற்குக் கேட்ட பொருள்களில் 5,000 இறாத்தல் பொன்னோடு 3,000 இறாத்தல் மிளகும் அடங்கும். மேற்குப் பேரரசு வீழ்ந்தபின் தானியக் கப்பல்கள் நின்றன. இலட்சக்கணக்கானோர் வாழ்ந்த உரோம் சில பத்தாயிரம் பேரின் ஊராகச் சுருங்கியது. இதனை இருண்ட காலமென்று கூறுதல் வழக்கம். உணவை மட்டும் நோக்குவோமாயின் இருள் எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கவில்லை. திறை செலுத்தத் தேவையற்ற உழவன் கோதுமையோடு ரை, தினை, இறுங்கு, மொச்சை எனப் பலவும் பயிரிட்டான். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுத்தது. காடு அவனுக்கும் திறந்திருந்தது. வட இத்தாலிய மடங்களின் ஒன்பதாம் நூற்றாண்டுச் சொத்துப் பட்டியல்களிற் காடுகளின் பரப்பு, அவற்றில் எத்தனை பன்றிகள் கொழுக்கலாம் என்பதைக் கொண்டு அளக்கப்பட்டது. லொம்பார்து மன்னன் ரொத்தாரியின் 643ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தை உழும் அடிமையைக் கொன்றவனுக்கு 20 பொற்காசும், சீடர்களை உடைய மூத்த பன்றி மேய்ப்பனைக் கொன்றவனுக்கு 50 பொற்காசும் தண்டம் விதித்தது. பின்னர் மக்கள் பெருகவே காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றைப் பிரபுக்கள் வேட்டைக்கென அடைத்துக்கொண்டனர். இறைச்சி உழவனின் சட்டியிலிருந்து மெல்ல மறைந்தது.

தெற்கே கதை வேறு திசையிற் சென்றது. 827 தொடக்கம் அராபியர் சிசிலியை வென்று, கரும்பையும் எலுமிச்சையையும் கத்தரியையும் நீர்ப்பாசன நுட்பங்களையும் கொண்டுவந்தனர். நோர்மானிய மன்னன் இரண்டாம் ரொஜரின் அவையிலிருந்த அல் இத்ரீசி 1154இல் முடித்த புவியியல் நூலில், பலேர்மோவை அடுத்த திரபியா என்னும் ஊரில் இத்ரிய்யா என்னும் உலர்ந்த மாவிழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டுக் கலாபிரியாவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்படுகின்றன என எழுதினார். ஜெனோவாவில் 1279இல் இறந்த போர்வீரன் ஒருவனின் சொத்துப் பட்டியலில் மக்கரோனி நிறைந்த பெட்டி ஒன்று காணப்படுகிறது. மார்க்கோ போலோ கிழக்கிலிருந்து வெனிசுக்குத் திரும்பியது 1295இல். சீனத்திலிருந்து அவரே மக்கரோனியைக் கொணர்ந்தார் என்னும் கதையை இன்னும் நம்புவோர் இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாற் போதும். கடினக் கோதுமை மாவிற் செய்து உலர்த்திய இழை கெடாது, கப்பலில் ஏற்றலாம், விற்கலாம். இத்தாலியரின் தேசிய உணவு என இன்று போற்றப்படுவது, அராபிய அறிவும் சிசிலிய உழைப்பும் ஜெனோவா வணிகமும் கலந்து உருவான சரக்காகும்.

பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் வட இத்தாலிய நகரங்கள் வணிகத்தாலும் வட்டியாலும் கொழுத்தன. கொழுத்தன என்பது உவமையன்று. புளோரன்ஸ் நகரில் பெருவணிகர் சங்கங்களைச் சேர்ந்தோர் ‘கொழுத்த மக்கள்’ என்றும், மற்றையோர் ‘சிறு மக்கள்’ என்றும் அந்நகர வழக்கிலேயே அழைக்கப்பட்டனர். வர்க்க வேறுபாட்டை வயிற்றால் அளந்து பெயரிட்ட இம்மொழிவழக்குக்கு எந்தச் சமூகவியல் விளக்கமும் தேவையில்லை.

அந்நகரத்துத் தானிய வணிகன் தொமெனிக்கோ லென்சி, 1320 முதல் 1335 வரை ஓர்சன்மிக்கேலே சந்தையின் தானிய விலைகளை எழுதி வைத்தான். 1329ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சியேனா நகரம் தன் ஏழைகளை வாயிலுக்கு வெளியே துரத்தியதையும் புளோரன்ஸ் அவர்களை ஏற்றதையும் அவ்வேட்டின் வண்ண ஓவியங்கள் காட்டுகின்றன. புளோரன்ஸ்காரன் ஏடு புளோரன்சைப் புகழ்வது இயல்பே. ஆயினும் பசித்தோரை மதிலுக்கு வெளியே தள்ளுதல் அக்காலத்து நகர ஆட்சியின் ஒரு முறையாக இருந்தது என்பதற்கு அது சான்று. 1348இன் கொள்ளைநோய் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழித்தபின், எஞ்சிய தொழிலாளரின் கூலி உயர்ந்தது. அவர்கள் உணவில் இறைச்சி மீண்டும் தலைகாட்டியது. அதையும் பொறாத ஆட்சியாளர் கூலியைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினர். 1378 யூலையில் புளோரன்சின் கம்பளித் தொழிலாளர் எழுந்தனர். கம்பளி சீவும் மிக்கேலே தி லாந்தோ நகர ஆட்சியின் தலைமையில் அமர்ந்தார். தொழிலாளரின் சங்கம் சில கிழமைகளே நிலைத்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் அவரே மற்றச் சங்கங்களோடு சேர்ந்து அதனை நசுக்கினார்.

நாட்டுப்புறத்தில் அரைவாரக் குத்தகை பரவியது. நிலம் நகரத்தானுடையது, உழைப்பு உழவனுடையது, விளைச்சலிற் பாதி நகரத்தானின் மாளிகைக்குப் போகும். அத்தோடு குறித்த திருநாள்களில் விதையடித்த சேவலும் முட்டையும் ‘அன்பளிப்பாக’ச் செல்லல் வேண்டும் என ஒப்பந்தம் எழுதப்பட்டது. கோதுமையும் மதுவும் எண்ணெயும் நகருக்குச் சென்றபின் உழவனுக்கு எஞ்சியவை தினைக்களி, மொச்சை, மலைநாட்டிலாயின் செஸ்நட் கொட்டையின் மா. அந்த மாவிற் சுட்டதை ‘மரப் பாண்’ என்றனர். பொக்காச்சியோவின் ‘தெக்கமரோன்’ கதையொன்றில், துருவிய பாற்கட்டியே மலையாக நிற்க, அதன் உச்சியிலிருப்போர் மக்கரோனியைச் சேவல் ரசத்தில் அவித்துக் கீழே உருட்டிவிடும் நாடொன்று வருணிக்கப்படுகிறது. வயிறு நிறைந்தோர் அதனை நகைச்சுவையாகப் படித்தனர். வயிறு நிறையாதவர் அக்கனவை நூற்றாண்டுகளாகத் திருப்பித் திருப்பிக் கண்டனர்.

மறுமலர்ச்சிக் காலத்தை அடைகிறோம். கலைகளில் நிகழ்ந்த பெருமாற்றம் சமையற்கட்டிலும் நிகழ்ந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பிறந்து, அக்குயிலேயா நகரத்து மதத்தலைவரிடம் சமையற்காரராக இருந்த மார்த்தினோ, 1465 அளவில் தாய்மொழியில் எழுதிய நூலில் அளவும் நேரமும் செய்முறையும் தெளிவாக வரையறுக்கப்படுகின்றன. கைகளால் மட்டும் கடத்தப்பட்ட தொழிலறிவு முறைப்படி எழுத்தேறுகிறது. ஆனால் புகழ் சென்ற வழியைப் பாருங்கள். பிளாட்டினா என்னும் பண்டிதர் அச்செய்முறைகளை இலத்தீனில் பெயர்த்து, மருத்துவமும் பண்டைய நூலறிவும் கலந்து எழுதிய நூலே 1474 அளவில் அச்சேறியது. அச்சில் வந்த முதற் சமையல் நூல் அதுவே. பிளாட்டினா நேர்மையாளர், மார்த்தினோவைப் பெயர் கூறிப் புகழ்ந்துள்ளார். ஆயினும் ஐரோப்பா பண்டிதரையே படித்தது. சமையற்காரரின் கையெழுத்துப்படி இருபதாம் நூற்றாண்டிலேதான் ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு மீண்டது. 1570இல் பாப்பரசரின் சமையற்காரர் பார்த்தொலொமேயோ ஸ்காப்பி தம் பெயரிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்முறைகளை, குசினியின் கருவிகளைக் காட்டும் செதுக்கோவியங்களோடு வெளியிட்டமை ஒரு முன்னேற்றந்தான்.

இந்நூல்களில் மக்கரோனிக்கு மேலே பாற்கட்டியோடு சீனியும் கறுவாவும் தூவப்படுகின்றன. தக்காளி இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த அக்காய் 1544இலேதான் இத்தாலிய நூலொன்றிற் குறிக்கப்படுகிறது, சட்டியில் ஏற இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. நம் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததென்பதை இங்கு நினைவூட்டலாம். சீனி, மதெய்ரா போன்ற அட்லாந்திக் தீவுகளின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வரத்தொடங்கியிருந்தது. கறுவா நமது தீவிலிருந்து சென்றது. முன்னர் அராபியர் வழியாக எகிப்துக்கும் அங்கிருந்து வெனிசுக்கும் சென்ற அது, 1505இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தபின் கோட்டை அரசனிடமிருந்து திறையாகப் பெறப்பட்டது. காட்டில் அலைந்து பட்டை உரித்தது சலாகம சாதியினரின் கட்டாய ஊழியம். கர்தினாலின் மேசையில் தூவப்பட்ட பொடியில் அவர்களது வியர்வையும் கலந்திருந்தது.

இத்தகைய ஏற்றத்தாழ்வுக்கு அக்காலத்து அறிவுலகம் ஒரு தத்துவத்தையும் படைத்துக் கொடுத்தது. வானிற் பறக்கும் பறவையும் உயர்ந்த கிளையிற் காய்க்கும் கனியும் மேன்மக்களின் மெல்லிய வயிற்றுக்கு உரியவை; மண்ணுள் விளையும் கிழங்கும் வெங்காயமும் உழவனின் முரட்டு வயிற்றுக்கு ஏற்றவை என்று மருத்துவர் விதித்தனர். பொலோனியாவைச் சேர்ந்த சபதீனோ பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த கதைகளில் ஒன்று, பிரபுவின் தோட்டத்துப் பீச்சுப்பழங்களை இரவில் திருடிய உழவனைப் பற்றியது. அகப்பட்டவனிடம் பிரபு, தன்னைப் போன்றோரின் பழங்களைத் தொடாமல் அவனது இனத்துக்குரிய உள்ளி, வெங்காயம், லீக்ஸ் என்பவற்றை இறுங்குப் பாணோடு தின்னுமாறு கட்டளையிடுகிறான். திருட்டைவிடப் பெரிய குற்றம் தகுதிக்கு மீறிய சுவை. உழவனுக்குப் பீச்சுப்பழம் செரியாதென்றால் அதற்குக் காவல் வைப்பானேன் என்ற கேள்வியைக் கதாசிரியர் எழுப்பவில்லை.

1529ஆம் ஆண்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பெராரா அரண்மனையில் விருந்துக் காரியத்தராக இருந்த மெஸ்ஸிஸ்புகோ, அவ்வாண்டு ஜனவரியில் இளவரசர் எர்க்கோலே தம் தந்தைக்கும் நூற்றுக்கு மேற்பட்டோருக்கும் அளித்த விருந்தைப் பதிந்துள்ளார். சீனியால் வார்த்த உருவங்கள், இசை, நாடகம், சுற்றுக்குச் சுற்று மாறும் மீனும் பறவையும் நூலில் விரிகின்றன. அங்கிருந்து ஒரு நாளில் குதிரையிற் செல்லக்கூடிய பாதுவா நாட்டுப்புறத்திலோ அதே காலத்திற் கொடும் பஞ்சம். ருசாந்தே என்ற பெயரால் அறியப்பட்ட நாடகாசிரியர் ஆஞ்சலோ பெயோல்கோ அதே 1529இல் உழவரின் பேச்சுமொழியிலேயே ஓர் உரையாடல் நாடகம் எழுதினார். அதில் வரும் மெனேகோ என்னும் உழவன், சாவதே வழியென்று முடிவுசெய்து, எப்படிச் சாவதென்று யோசிக்கிறான். தன்னைத்தானே தின்று சாகலாம். அவ்வாறாயின் வயிறு நிறைந்தேனும் சாகலாம் என்பது அவன் எண்ணம். செல்வரின் வேட்டை முகாமில் அந்நாடகம் நடிக்கப்பட்டபோது பார்த்திருந்தோர் சிரித்திருப்பர்.

உரோமிலுள்ள கொலொன்னா மாளிகையில், அன்னிபாலே கராச்சி 1580களில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. வைக்கோல் தொப்பி அணிந்த தொழிலாளி ஒருவன் மேசைமுன் இருக்கிறான். கிண்ணத்தில் அவித்த அவரை விதை. அருகே தாளோடு வெங்காயம், பாண், கொஞ்சம் மது. ஒரு கை பாணைப் பற்றியிருக்கிறது, நகக்கண்ணில் மண். மற்றக் கையிலுள்ள கரண்டி வாயருகே வந்து நிற்கிறது, சாறு சொட்டுகிறது. யாரோ வந்துவிட்டார்கள் என்பதுபோல், திறந்த வாயை மூடாமல் அவன் நேரே நம்மைப் பார்க்கிறான்.